மேடைக்குக் கீழே ஒரு கஜா பெராங் வயலின்

சிரம்பான் பஸ் நிலையத்தில் என் ஆர்மோனியப் பெட்டிக்குத் தனி டிக்கெட் எடுக்கச் சொன்னார் கண்டக்டர். எனக்கு இரண்டு வெள்ளி, பெட்டிக்கு ஒரு வெள்ளியாம்.

"தங்கச்சி, சாமான் ஒரு ஆளு எடத்த அடைக்குது. நான் என்னா செய்யறது?"

"மடியில வச்சிக்கிறேன். மடிக்கும் டிக்கெட் உண்டா?"

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவரும் விட்டுவிட்டார். வாய் வென்றதே தவிர, முழங்கால்கள் தோற்றுவிட்டன. ரெம்பாவ், தம்பின், அலோர் காஜா என்று ஐம்பது மைல் தூரமும் அந்தப் பெட்டியைச் சுமந்துகொண்டே போனேன். மலாக்காவில் இறங்கியபோது கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டேன்.

அது ஐம்பத்தேழாம் வருஷம், ஜூலை மாதம். ஆகஸ்டு முடிகிறபோது நாடு சுதந்திரம் அடையப் போகிறது. வழியெல்லாம் பழக்கடைகள், கடைக்குக் கடை காகிதக் கொடி. மலாக்காத் தமிழர்களின் விழாக்குழு ஒன்று என்னை இரண்டு மாதத்துக்குக் கூப்பிட்டிருந்தது. கோயில்களிலும் கடைத் திறப்புகளிலும் பாட வேண்டும். கடைசியில் சுதந்திர நாள் மாலையில் பெரிய மேடை. பாடித்தான் எனக்குப் பிழைப்பு. ஆர்மோனியத்தோடு தனியாக ஊர் ஊராகப் போகிற பெண்ணைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அவர்கள் யாரும் எனக்கு அரிசி வாங்கித் தருவதில்லை என்பதால் நானும் கேட்டுக்கொள்வதில்லை.

தங்குவதற்குச் செமாபோக்கில் விழாக்குழுத் தலைவர் முத்தையாவின் வீடு. பலசரக்கு மொத்த வியாபாரி. புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருஷம் ஆகிறது. அவர் மனைவி பாக்கியம் அக்கா மலாக்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். தலைவர் வீட்டில் இருந்தால் அக்காவின் குரல் வெளியே கேட்காது. அவர் கடைக்குக் கிளம்பியதும் அம்மிச் சத்தத்தோடு ஏதோ மலாய்ப் பாட்டு முணுமுணுப்பாகக் கேட்கும். நான் எட்டிப் பார்த்தால் பாட்டு நின்றுவிடும்.

முதல் கச்சேரி துக்காங் எமாஸ் தெருவில், பிள்ளையார் கோயிலில். பக்க வாத்தியத்துக்கு உள்ளூர் வயலின் ஏற்பாடு செய்திருப்பதாகச் சொன்னார்கள். வந்தவர் ஐம்பது வயதுக்காரர். சரோங், வெள்ளைச் சட்டை, தலையில் கட்டிய துண்டு, நெற்றியில் பட்டை விபூதி. பெயர் வேலு. நான் தமிழில் வணக்கம் சொன்னேன், அவர் மலாயில் நலம் விசாரித்தார். தமிழ் தெரியாது. இதே ஊரில் கஜா பெராங் என்ற பகுதியில் இருக்கிற சிட்டிக் குடும்பம். மலாக்காவை சுல்தான் ஆண்ட காலத்திலேயே நம் பக்கத்திலிருந்து வியாபாரத்துக்கு வந்து, இங்கேயே பெண் எடுத்து, இங்கேயே நிலைத்துவிட்டவர்களின் வம்சம். சாமி மாரியம்மன், பேச்சு மலாய்.

இதென்ன கூத்து என்று எனக்குள் ஒரு சலிப்பு. அவர் தனக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னபோது அது இன்னும் கூடியது. நம் ஊர் வயலின்காரர்கள் தரையில் சம்மணம் போட்டு, வயலினின் தலையைக் காலில் சாய்த்துக்கொள்வார்கள். இவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து தாடையில் வைத்துக்கொண்டார். பிறகு ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் குனிந்து கடைத்தெரு மலாயில் என்னிடம் கேட்டார்: "அடேக், இந்த இடத்தில் நீ அழுகிறாயா, திட்டுகிறாயா?" அடேக் என்றால் தங்கை. அழுகிறேன் என்றால் வில் ஒரு மாதிரி நடந்தது, திட்டுகிறேன் என்றால் வேறு மாதிரி. சொல் தெரிந்த எத்தனையோ பேர் எனக்கு வாசித்திருக்கிறார்கள். ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை.

மூன்றாவது பாட்டின் நடுவில் அவர் வில்லைக் கீழே இறக்கிவிட்டார். ஏன் என்று நான் திரும்புவதற்குள் அதே தெருவில் இருக்கிற பள்ளிவாசலிலிருந்து பாங்கு ஒலித்தது. அது முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம். அன்றிலிருந்து அவர் எனக்கு அபாங், அதாவது அண்ணன்.

ஜூலை முழுக்கச் சுற்றினோம். பண்டார் ஹிலிரில் ஒரு துணிக்கடைத் திறப்பு. கடைக்கார நானா, நாகூர்ப் பக்கத்துக் குடும்பம், இரண்டு பாட்டு என்று தொடங்கி எட்டுப் பாட்டு வாங்கிவிட்டார். "இன்னொண்ணு படிம்மா, பிரியாணி இன்னும் தம்முல இருக்கு" என்பதுதான் அவருடைய நியாயம். ஆடி வெள்ளிகளில் அம்மன் கோயில்கள். ஒரு நாள் மழையில் கொட்டகை ஒழுகியபோது அபாங் தன் தலைத்துண்டை அவிழ்த்து என் ஆர்மோனியத்தின் மேல் போர்த்தினார். வயலினைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு கர்ப்பிணி மாதிரி நின்றார்.

பழக் காலத்தில் கஜா பெராங் வீடுகளில் முன்னோர்களுக்குப் படையல் போடுவார்கள். அதற்கு அபாங் என்னைக் கூப்பிட்டிருந்தார். வாழையிலைகளில் டுரியான், ரம்புத்தான், மங்குஸ்தீன், செம்படாக் எல்லாம் அடுக்கி, விளக்கேற்றி, மூதாதையர்களின் பெயர்களைச் சொல்லி அழைத்தார். எல்லாம் அட்சரசுத்தமான தமிழ்ப் பெயர்கள். பெரியவர்கள் சாப்பிடட்டும் என்று எல்லோரும் அறையைவிட்டு வெளியே வந்து நின்றோம். எங்கள் வீட்டில் தாத்தாவுக்கு மேலே ஒரு பெயர்கூட எனக்குத் தெரியாது.

பிறகு முற்றத்து மரத்தடியில் பழம் தின்றுகொண்டிருந்தோம். பக்கத்து வீட்டு அம்மாள் ஒருத்தி திடீரென்று என்னைப் பார்த்து நாலு வரிப் பாட்டு ஒன்றைப் பாடினாள். ரம்புத்தான் சிவந்திருக்கிறதாம், சிரம்பான் பெண் ஏன் சிரிக்க மாட்டேன் என்கிறாளாம். நான் சிரித்து, தலையாட்டி, அடுத்த பழத்தை உரிக்கத் தொடங்கினேன். முற்றம் சட்டென்று அமைதியாகிவிட்டது. அந்த அம்மாளின் முகம் வாடியது. அபாங் அவசரமாக எனக்காக நாலு வரி திருப்பிப் பாடினார். அதன் பிறகுதான் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

"இங்கே ஒருவர் பாட்டுப் போட்டால் பதில் பாட்டுப் போட வேண்டும், அடேக். நன்றாக இருக்க வேண்டும் என்றில்லை. சும்மா இருந்தால் நீ எனக்கு ஒரு பொருட்டே இல்லை என்று அர்த்தம்."

எனக்குக் கூச்சமாகிவிட்டது. அந்த அம்மாளிடம் போய், தமிழில் வாய்க்கு வந்த இரண்டு வரியை மெட்டோடு பாடினேன். ஒரு சொல்லும் புரியாமல் அவள் என்னைக் கட்டிக்கொண்டாள்.

ஆகஸ்டு நடுவில்தான் வினை வந்தது. தலைவர் தம் வீட்டுக் கூடத்துக்கு எங்கள் இருவரையும் அழைத்தார். குழுவினர் நாலு பேர் இருந்தார்கள்.

"நாடு விடுதலையாகுற நாளு. தமிழர் மேடை. அதுல தமிழே தெரியாத ஒருத்தர நடுவுல ஒக்கார வச்சா நாளைக்கு என்னைய என்ன சொல்லுவாங்க? சரி, ஒண்ணு செய்யலாம். ஒரே ஒரு தமிழ்ப் பாட்டு, அர்த்தத்தோட சொல்லட்டும். ஏத்திக்கிறோம்" என்றார் தலைவர். அதையே மலாயிலும் சொன்னார்.

அபாங் காப்பியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். கோப்பையைத் தட்டில் வைத்தார். எழுந்து கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

நான் பின்னாலேயே ஓடினேன். வாயில்லாப் பூச்சியா நீங்கள், ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லக் கூடாதா என்று தெருவிலேயே சண்டை பிடித்தேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "பாட்டாகக் கேட்டால் பதில் சொல்வேன். பரீட்சைக்குப் பதில் கிடையாது." இன்னொன்றும் சொன்னார். பண்டார் ஹிலிர்த் திடலில் மலாய்ப் பாட்டுக்கு மேடை போடுகிறவர்களிடமும் போய்க் கேட்டாராம். உங்கள் ஆட்கள்தான் தனி மேடை போடுகிறார்களே, அங்கே போகலாமே என்றார்களாம். "நானூறு, ஐந்நூறு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறோம். ஊருக்கு விடுதலை வருகிற அன்றைக்கு மட்டும் எனக்கு உட்கார இடமில்லை."

மழையில் ஒழுகுகிற கொட்டகைக்கு ஆகிற வயலின் பெரிய மேடைக்கு ஆகாதாமே! சில்லறைக் கச்சேரிகளில் இவர்களில் ஒருவரும் தமிழ் தெரியுமா என்று கேட்கவில்லை. அன்றைக்குச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது தலைவரிடம் சொல்லிவிட்டேன். "அவர் இல்லேன்னா நானும் இல்லைங்க."

"நோட்டீஸ் அடிச்சி ஒட்டியாச்சு. என் வீட்டுச் சோத்தத் தின்னுக்கிட்டு என்கிட்டயே மல்லுக்கு நிக்கிறியா? ஆர்மோனியத்த வச்சே பாடு. இல்லேன்னா இனிமே ஜொகூர்ல இருந்து பினாங்கு வரைக்கும் ஒன்ன யார் கூப்புடறான்னு நானும் பாக்குறேன்."

பயமாக இருந்தது, மறைப்பானேன். குழுத் தலைவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள். நாலு ஊரில் கதவு சாத்தினால் என் அடுப்பில் பூனை தூங்கும். ஆனால் சோற்றைச் சொல்லிக் காட்டியதும் பயத்தையும் மீறிக் கோபம் வந்தது. இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.

பாக்கியம் அக்கா கொல்லைப்புறத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார். "நீ போகாம இருக்காத லா. அதுதான அவங்களுக்கு வசதி, நீதான் ஏமாத்திட்டேன்னு சொல்லிடுவாங்க. மேடை ஏறு, ஒக்காரு. வேலு அபாங்குக்கு நான் சொல்லி அனுப்பறேன். மிச்சத்த அங்க பாத்துக்கலாம்."

ஆகஸ்டு முப்பத்தொன்று, சாயங்காலம். பண்டார் ஹிலிர்ப் பக்கம் கால் வைக்க இடமில்லை. ஊர் மொத்தமும் புதுத்துணியில் இருந்தது. எங்கள் மேடை பலகைகளால் கட்டிய உயரமான மேடை. மேலே குழுவினர் மாலையோடு வரிசையாக நாற்காலிகளில் இருந்தார்கள். நான் ஏறினேன், ஆர்மோனியத்தை வைத்தேன். மைக்கை இழுத்துச் சொன்னேன்: "எல்லாருக்கும் வணக்கம். இரண்டு மாதமாக இந்த ஊரில் என்னோடு வாசித்த வயலின் இன்னும் வரவில்லை. வந்ததும் பாடுகிறேன்."

தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "பாடும்மா" என்றார். நான் கையைக் கட்டிக்கொண்டேன். கூட்டம் சலசலத்தது.

அப்போது கீழே வயலின் கேட்டது. மேடைப் படிக்குப் பக்கத்தில், புல் தரையில், வீட்டிலிருந்து தூக்கி வந்த நாற்காலியைப் போட்டு அபாங் உட்கார்ந்திருந்தார். என் முதல் பாட்டின் தொடக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தார். மேலே வாருங்கள் என்று சைகை காட்டினேன். மாட்டேன் என்று தலையசைத்தார்.

அவர் ஏற மாட்டார் என்றால் நான் இறங்கலாமே. ஆர்மோனியத்தைத் தூக்கினேன். படிகளில் இறங்கினேன். மைக்செட்காரர் சிரித்துக்கொண்டே வயரை இழுத்துக் கொடுத்தார். அது கீழ்ப்படி வரைக்கும்தான் வந்தது, போதும் என்றேன். அபாங் குனிந்து கேட்டார், "இதில் அழுகிறாயா, திட்டுகிறாயா?" "இன்றைக்கு எல்லாமே திட்டுதான்" என்றேன். என் வாழ்நாளில் அப்படிப் பாடியதில்லை. கூட்டம் மேடையை விட்டுவிட்டு எங்களைச் சுற்றிக்கொண்டது.

மூன்று பாட்டு முடிந்ததும் அபாங் வில்லைத் தாழ்த்தினார். மேடையில் இருந்த தலைவரை நேராகப் பார்த்து மலாயில் நாலு வரி பாடினார். டுரியானும் செம்படாக்கும் பழுத்தால் இந்த மண்ணில்தான் விழுகின்றன. நீ இந்த ஊர்தானா என்று ஐயா கேட்கிறார். கடைசி வரியை நிறுத்தி இரண்டு தடவை பாடினார்: "காலாவ் புக்கான் சினி, ஓராங் மானா?" இந்த ஊர் இல்லையென்றால் எந்த ஊர்?

கூட்டம் அடங்கிவிட்டது. பாட்டு வந்து விழுந்தாயிற்று, பதில் வர வேண்டும். எல்லாக் கண்ணும் தலைவர் மேல். அவரோ மரத்தடியில் நான் இருந்த மாதிரியே இருந்தார். சும்மா இருப்பதுதான் கௌரவம் என்று நினைத்து, மாலையைச் சரிசெய்துகொண்டு, தலையை மட்டும் ஆட்டினார். ஒரு கிழவர் வாய்விட்டே "ச்சே" என்றார்.

பெண்கள் பக்கத்திலிருந்து பாக்கியம் அக்கா எழுந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். அம்மிக்குப் பின்னால் ஒளிந்திருந்த அந்தக் குரல் மைக் இல்லாமலே திடலைக் கடந்தது. மங்குஸ்தீன் தோல் கறுப்பு, உள்ளே வெள்ளை. வந்து இருபது வருஷமான விருந்தாளி நாற்காலியில், வீட்டுக்காரர் புல் தரையில்!

சிரிப்பு வெடித்தது. கைதட்டல் அடங்கவே இல்லை. பக்கத்து மேடையில் பாட வந்திருந்த மலாய்க்காரர்கள் இருவர் பதில் பாட்டோடு ஓடி வந்தார்கள். அபாங் அவர்களுக்குத் திருப்பினார், அக்கா அவருக்குத் திருப்பினார், நான் நடுவில் தமிழில் நுழைந்தேன். மேடையில் இருந்த குழுவினர் ஒவ்வொருவராக, செருப்பைத் தேடுகிற பாவனையில் இறங்கினார்கள். கடைசியில் காலி நாற்காலிகளுக்கு நடுவே தலைவர் மட்டும் மாலையோடு இருந்தார். பிறகு அவரும் இறங்கி வந்து மனைவி பக்கத்தில் நின்றார்.

"இப்படிப் பாடுவேன்னு எங்கிட்ட சொன்னதே இல்லியே" என்றார் மெதுவாக.

"சொன்னா பரீட்சை வப்பீங்க" என்றார் அக்கா.

இரண்டு நாள் கழித்துக் கிளம்பினேன். தலைவர் பஸ் நிலையத்துக்கு வரவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, அவரிடம் நானும் எதிர்பார்க்கவில்லை. அபாங் ஒரு கூடை மங்குஸ்தீனோடு வந்தார். வருகிற போது வந்த அதே கண்டக்டர்தான். கூடையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எதுவும் கேட்கவில்லை.

எங்கள் சிரம்பானிலும் விழாக்குழுக்கள் உண்டு. அங்கேயும் மாலை போட்ட நாற்காலிகள் உண்டு. தீபாவளிக் கச்சேரிக்குப் பேச வந்தவர்களிடம், என் வயலின் கஜா பெராங்கிலிருந்து வரும், அவருக்கு மேடைமேல் ஒரு நாற்காலி போடுங்கள், அது முடியாதென்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் எழுந்து போகவில்லை. பிறகு ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அவருக்குத் தமிழ் தெரியுங்களா?" என்று கேட்டார்.

"பாட்டா கேளுங்க. பதில் சொல்லுவாரு" என்றேன்.