முதுகுக்காகப் போட்ட முழங்கால்

ஒரு தும்மலில் என் முதுகு போனது. மலையிலிருந்து விழுந்தோ மூட்டை தூக்கியோ போயிருந்தால் சபையில் சாட்சி சொல்ல இன்னும் கம்பீரமாக இருந்திருக்கும். எனக்கு வாய்த்தது தும்மல்தான்.

1997, ஜூலை மாதம். எனக்கு இருபத்தாறு வயது. மராத்தி பேசும் ஊரான தளேகாவில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் கிளார்க் வேலை, பக்கத்து ஊரான தேஹு ரோட்டில் ஒற்றை அறை. வேலை முடிந்து மழையில் நனைந்தபடி பிளாட்பாரத்தில் லோக்கல் ரயிலுக்காக நின்றேன். தும்மினேன். இடுப்பில் ஏதோ சடக்கென்றது. குனிந்தவன் நிமிரவில்லை. நான் எதையோ தவறவிட்டுத் தேடுகிறேன் என்று நினைத்து, பக்கத்தில் நின்றவரும் குனிந்து தேடினார்.

மறுநாள் டாக்டர் எக்ஸ்ரேயை விளக்கில் பிடித்துப் பத்து நிமிடம் பேசினார். அதில் ‘ஆபரேஷன்’ என்ற ஒரு வார்த்தைதான் என் காதில் விழுந்தது. “அது தேவைப்படாமலே போகலாம், பயப்படாதே” என்று அவர் முன்னாலும் பின்னாலும் சொன்னதெல்லாம் மழையோடு போனது. கொடுத்த சீட்டில் மாத்திரைப் பெயரை மட்டும் பார்த்தேன். மடித்துப் பைபிளுக்குள் வைத்தேன். அதன் பிறகு அந்தத் தெருவுக்கே போகவில்லை. பஜாருக்குப் போக வேண்டுமென்றால் ரயில்வே கேட் வழியாகச் சுற்றிப் போனேன், டாக்டர் ஓடிவந்து பிடித்து அறுத்துவிடுவார் என்பது போல.

வலி போகவில்லை. ஒரு மாதம் ஒரு வருடமானது, இரண்டானது. காலையில் சாக்ஸ் போட இருபது நிமிடம். அறையின் நடுவில் ஒற்றைச் சாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுததை ஒருவரும் பார்க்கவில்லை. ஊரில் அம்மாவுக்கு வாரம் தவறாமல் எழுதினேன்: ‘நான் நல்ல சுகம்.’ எழுதிவிட்டுப் படுத்து, சக்கர நாற்காலி என் அறை வாசலில் நுழையுமா என்று கண்ணாலேயே அளந்து பார்ப்பேன். நுழையாது. அதற்கும் ஒரு அழுகை.

ஜெபம் பண்ணாமல் இல்லை. “ஆண்டவரே, திங்கட்கிழமைக்குள் சரியாக்கும்” என்பேன். எந்தத் திங்கள் என்று சொல்லாதது என் தப்பு.

சனிக்கிழமை மாலைகளில் தனராஜ் அண்ணன் வீட்டில் தமிழ் ஜெபக்கூட்டம் நடக்கும். அண்ணனுக்கு ராணுவக் கிடங்கில் வேலை. என்னைப் போலவே திருநெல்வேலிப் பக்கம். எல்லோரும் பாயில் சம்மணம் போட்டு உட்காருவார்கள். என்னால் இரண்டு நிமிடம்கூட முடியாது. ஆனால் ஒன்றைக் கண்டுபிடித்தேன். முழங்காலில் நின்று, முன்னாலிருந்த இரும்புக் கட்டிலில் இரண்டு கைகளையும் ஊன்றித் தலையைச் சாய்த்தால் வலி பாதியாகிவிடும். அதனால் முதல் பாட்டிலேயே முழங்கால் போட்டுவிடுவேன். முடிந்ததும் எழுந்திருக்கப் பெரிய பாடு. யாரும் பார்க்கக் கூடாதே என்று, எல்லோரும் டீக்குத் திரும்பும்வரை அப்படியே கிடப்பேன்.

இதை அண்ணனின் மனைவி ரோஸி அக்கா கவனித்துவிட்டார்.

“ஏங்க, அந்தத் தம்பியப் பாத்தீங்களா? ஆமென் சொல்லி முடிச்ச பொறவும் எந்திரிக்க மாட்டேங்கான். எவ்வளவு ஜெப பாரம்.”

அவ்வளவுதான். நான் ஜெபவீரன் ஆனேன். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக ஜெபிக்கச் சொன்னார்கள். மாற்றல் வேண்டுமென்றவர்கள் பெயரைக் குறித்துக் கொடுத்தார்கள். ஒரு பெரியவர் தமது முதுகு வலிக்காக ஜெபிக்கச் சொன்னார். நானும் அவர் முதுகில் கைவைத்து ஜெபித்தேன். அவருக்கு விட்டுவிட்டது. எனக்கு வந்த எரிச்சலைக் கர்த்தர் மன்னித்திருப்பார் என்று நம்புகிறேன்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் மரியாதை என்பது வலிக்கிற முதுகுக்கும் இதமாகத்தான் இருந்தது.

1999இல் ஒரு நாள் தனராஜ் அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டார். “ரோஸிக்குத் தங்கச்சி ஒருத்தி ஹடப்சர்ல டீச்சரா இருக்கா, செல்வின்னு பேரு. ஜெபிக்கிற பையனா வேணும்னு தேடிட்டிருந்தோம். வர்ற சனிக்கிழமை கூட்டத்துக்கு வாரா. ஒனக்குச் சம்மதமாடே?”

அந்த ஒரு வாரம் நான் ஜெபித்தது போல அதற்கு முன் ஜெபித்ததில்லை. “ஆண்டவரே, சுகம் தராவிட்டாலும் பரவாயில்லை. அந்தப் பெண்ணுக்குத் தெரியாமல் மட்டும் காத்துக்கொள்ளும்.”

சனிக்கிழமை வந்தது. செல்வி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் வழக்கம்போல முழங்கால் போட்டேன். அன்று ஜெபம் நீண்டது. ஆமென் சொன்னார்கள். எழ முயன்றேன். இடுப்பு பூட்டுப் போட்டது போல நின்றுவிட்டது. அசைந்தால் உயிர் போனது. டீ வந்தது. நான் எழவில்லை. டீ ஆறியது. நான் எழவில்லை.

“யாரும் பேசாதீங்க, தம்பி ஆவியில நெறஞ்சிருக்கான்” என்றார் ரோஸி அக்கா. மெதுவாக ஒரு பாட்டைத் தொடங்கினார். எல்லோரும் மறுபடி உட்கார்ந்து பாடினார்கள். இரண்டாவது பாட்டும் பாடினார்கள். யாரோ விசும்பும் சத்தம் கேட்டது. மூன்றாவது பாட்டில் என்னால் தாங்க முடியவில்லை.

“அக்கா, பாட்ட நிறுத்துங்க. எனக்கு எந்திரிக்க வரல.”

பாட்டு நின்றது. கட்டிலைப் பிடித்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். “ரெண்டு வருஷமா முதுகு வலி. ஜெபத்துக்காக முழங்கால் போடல. உக்கார முடியாமத்தான் போட்டேன். ஒங்க எல்லாரையும் ஏமாத்திட்டேன்.”

திட்டப் போகிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். தனராஜ் அண்ணன் என் பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்தார்.

“ரெண்டு வருஷமா? தனியாவாடே கெடந்த?”

அந்தக் கேள்வியில் உடைந்துபோனேன். இரண்டு வருடமாக யாரும் கேட்காதது. நான் யாரையும் கேட்க விடாதது.

நான்கு பேர் என்னைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள். அந்தத் தடுமாற்றத்தில் என் பைபிள் கீழே விழுந்து சீட்டு வெளியே வந்தது. எடுத்தவள் செல்வி. திருப்பிப் பார்த்தாள். டீச்சரல்லவா, எந்தக் கிறுக்கலும் அவளுக்குப் புரியும்.

“பின்னால படம் போட்டு எக்சர்சைஸ் எழுதியிருக்கே, பண்ணீங்களா?”

“பின்னாலயா?”

“மூணு வாரம் கழிச்சு வான்னும் எழுதியிருக்காரு. போனீங்களா?”

சீட்டை வாங்கித் திருப்பினேன். டாக்டர் தீக்குச்சி போல ஒரு மனிதனை வரைந்து, முழங்காலை எப்படி மடக்க வேண்டும் என்று அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தார். இரண்டு வருடமாக அந்தத் தீக்குச்சி மனிதனைச் சுமந்துகொண்டுதான் சுகம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அண்ணன் வீட்டில் ஒரு மாதம் இருந்தேன். தினமும் காலையில் அண்ணன் என்னை ஷேர் ஆட்டோவில் முன் சீட்டில் உட்காரவைத்து, பயிற்சி சொல்லித்தரும் இடத்துக்குக் கூட்டிப்போனார். அதே டாக்டர் மறுபடி பார்த்தார். ஆபரேஷன் வேண்டாம் என்றார். முதலிலும் அதைத்தான் சொன்னாராம். ரோஸி அக்கா குனியாமல் சாக்ஸ் போட ஒரு நீளக் குச்சியில் கொக்கி மாட்டிக் கொடுத்தார். ஆறு மாதத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். அடுத்த ஆண்டு கல்யாண ஆராதனை முழுக்க நின்றேன். பக்கத்தில் நின்றது செல்வி.

வலி முழுவதும் போய்விட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. மழை தொடங்கினால் வந்து எட்டிப் பார்க்கும். ஆனால் பயம் போனது. ‘தெரியாமல் காத்துக்கொள்ளும்’ என்ற என் ஜெபத்தை மட்டும் கர்த்தர் கேட்கவில்லை. அதைக் கேட்காமல் விட்டதற்குத்தான் அவருக்கு அதிக நன்றி சொல்கிறேன். சுகம் கேட்ட ஜெபத்துக்கு, அன்றே நான்கு பேரின் கைகளை அனுப்பினார்.

இதை வாசிக்கிறவர்களில் சாக்ஸைப் பிடித்துக்கொண்டு தனியாக அழுகிறவர் யாராவது இருந்தால், கர்த்தரை நம்பிக் கேளுங்கள். எந்தக் காரணத்துக்காக முழங்கால் போட்டாலும் அவர் கேட்பார். கேட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடமும் வாயைத் திறந்து சொல்லுங்கள். டாக்டர் சீட்டின் பின்பக்கத்தையும் தயவுசெய்து பாருங்கள்.

இப்போது கூட்டம் எங்கள் வீட்டில் நடக்கிறது. கதவோரம் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருக்கிறோம். உட்காருகிறவரை யாரும் ஏனென்று கேட்பதில்லை. நான் மட்டும் இன்னும் முழங்காலில்தான். கொஞ்சம் நேரமாகிவிட்டால் செல்வி குனிந்து காதில் கேட்பாள்.

“ஜெபமா, முதுகா?”

“ரெண்டும்” என்பேன். அவள் கையை நீட்டுவாள். பிடித்துக்கொண்டு எழுந்திருப்பேன்.