மாதா என்று தட்டினால் வராத படகு

தோழர்களே! 'எதுவும் கிடைக்கவில்லை' என்னும் இரண்டு சொற்கள் மீது எனக்கு இன்றும் ஆறாத சினம் உண்டு. இணையதளத் தேடல் பெட்டிகள் அவற்றை எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகின்றன!

மேடை ஏறும் முன்பு நான் இணையதளம் கட்டியவன். புதுக்கடை என்னும் ஊரில், மீன்கடைகளுக்கு மேலே ஒரு சிற்றறை. சாளை மீன் வாடையும் சூடேறிய கணினியின் வாடையும் இன்றும் மூக்கில் நிற்கின்றன...

அப்போது ஒரு புயல். வடக்கே தொலைவான துறைமுகங்களில் ஒதுங்கிய படகுகளிலிருந்து யாரேனும் ஒருவர் தொலைபேசியில் தகவல் சொல்வார். ஒவ்வொரு படகையும் தரவுத்தளத்தில் ஒரு வரியாக ஏற்றினோம். படகின் பெயரைத் தட்டினால் அந்த வரி வரும்; ஆட்களின் பெயரில் தேட நான் வழி செய்திருக்கவில்லை. ஆயினும் அது என் முதல் தேடல் பெட்டி. பெருமை தாங்கவில்லை!

இனயம் என்னும் கடலோர ஊரிலிருந்து திரேசம்மாள் அக்கா வந்தார். அவர் கணவர் புதிதாக வேறொருவர் படகில் ஏறியிருந்தார். படகின் பெயரைக் கேட்டேன்.

"மாதா போட்டுன்னு மட்டும்தான் மக்கா சொல்லிட்டுப் போனாரு."

'மாதா' என்று தட்டினேன்.

எதுவும் கிடைக்கவில்லை.

அக்கா அழவில்லை. திரையை உற்றுப் பார்த்தார். "ஏலே, நம்ம கடப்புறத்துல பாதிக்கு மேல மாதா பேருதானே? ஒரு மாதாகூடவா கரையேறல? ஒனக்க பெட்டி புளுகுது."

"கணினி பொய் சொல்லாதுக்கா."

"அப்போ நீ சொல்லுதியா?"

அந்தக் கேள்வி என்னைக் குடைந்தது... தரவுத்தளக் கையேட்டைப் புரட்டினேன். பாதிக்கு மேற்பட்ட வரிகளில் வரும் சொல்லை, பயனற்றதென்று தேடுபொறி தானே தள்ளிவிடுமாம்! எங்கள் பட்டியலிலோ ஆரோக்கிய மாதா, கடல் மாதா, சகாய மாதா... மிகுதியாக இருந்ததாலேயே ஒன்றுமில்லை என்றாகிவிட்டது. என்ன விந்தையான விதி!

அந்த விதியைத் தவிர்க்குமாறு ஒரே ஒரு கட்டளையை மாற்றினேன். திரை நிறைய மாதாக்கள். அக்கா விரல் வைத்து ஒவ்வொன்றாக இறங்கினார். ஓரிடத்தில் விரல் நின்றது.

சகாய மாதா. ஒதுங்கிய இடம்: ரத்னகிரி. பேசியவர்: ஜெரோன்ஸ்.

"எங்க வீட்டு ஆளுதான்..." என்றவர் அப்போதுதான் நாற்காலியில் அமர்ந்தார்.

இன்றைய தேடல் பெட்டிகள் முழுச் சொல்லைத் தட்டும் முன்பே நம் மனத்தை ஊகிக்கின்றன. ஆனால், "அப்போ நீ சொல்லுதியா?" என்று கேட்க, அவற்றைக் கட்டியவரின் எதிரே யாரும் நிற்பதில்லை...

ஆகவே, தளம் கட்டும் தோழர்களே! உங்கள் ஊரில் மிகப் பலருக்கு வழங்கும் பெயர் எதுவோ, அதை உங்கள் தேடல் பெட்டியில் இப்போதே தட்டுங்கள். 'எதுவும் கிடைக்கவில்லை' என்று வந்தால், திருத்திவிட்டு எழுந்திருங்கள்!