வெயிலில் காய்ந்த படம்

சுனாமிக்குப் பின் மனைவியின் படம் ஒன்றுதான் எனக்கு மிஞ்சியது. நனைந்திருந்த அதைத் தகரக் கூரையில் காயவைத்துவிட்டு வேலை தேடிப் போனேன். ஒரு மாதம் கழித்து வந்தபோது முகம் வெளிறி மறைந்திருந்தது. கடல் உப்பு தின்றுவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னேன்.

யுத்தம் முடிந்தபின் அறுகம்பே கடற்கரை விடுதியொன்றில் சமைத்தேன். அங்கே தங்கிய மட்டக்களப்புப் பெண் லேசர் ஆராய்ச்சி செய்பவள். படத்தைப் பார்த்தாள்.

“உப்பில்ல நானா, வெயில். வெளிச்சம் சாயத்த உடைச்சுப்போட்டுது. சாயம் அப்பிடி உடையாம, பலமான லேசரால அத வேற வழிக்குத் திருப்பலாமா எண்டுதான் நாங்க படிக்கிறம்.”

“அப்ப இவட முகத்தத் திருப்பி எடுக்கலாமா, தங்கச்சி?”

“சாயம் உடையிறதுக்கு முந்தித்தான் ஏதும் செய்யலாம்.”

என் மனைவி மருதமுனை நெசவுக்காரி. சாயம் தோய்த்த நூலை நிழலில்தான் காயவைப்பாள். “வெயில்ல போட்டா நிறம் செத்துரும், மௌத்தாகிடும், மனிசா” என்று எத்தனை முறை ஏசியிருப்பாள்.

வெறுந்தாளை இப்போது நிழலில் வைத்திருக்கிறேன். இன்னொரு முறை ஏசமாட்டாளா என்றிருக்கிறது.