மடையோரக் கருவேலத்துக்கு நான் செய்தது

எங்கள் குடியிருப்பின் மாடிப்படிக்குப் பக்கத்தில் ஓர் அறிவிப்புப் பலகை உண்டு. போன அக்டோபரில் அதில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். முற்றத்தில் நிற்கும் பிர்ச் மரத்தின் கிளை கூரையில் உரசுகிறதாம். மரத்தை வெட்டலாமா, கிளையை மட்டும் கழித்தால் போதுமா என்று குடியிருப்பவர்கள் கருத்துச் சொல்ல வேண்டுமாம். கூட்டமும் போட்டார்கள். காப்பி கொடுத்தார்கள், ஏலக்காய் போட்ட பன் கொடுத்தார்கள், ஒற்றை மரத்தைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். வெட்டலாம் என்று கை தூக்கியது நான் ஒருவன்தான். மூன்றாம் மாடிப் பெரியவர் திரும்பிப் பார்த்து, "உனக்கு மரங்கள் பிடிக்காதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "ஒரு மரத்தைப் பிடிக்காது. அதைப் பழிவாங்கத்தான் தினமும் வேலைக்குப் போகிறேன்" என்றேன். அவர் மரியாதைக்குச் சிரித்தார். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

பின்லாந்துக்கு வந்து ஐந்து வருடம் ஆகிறது. ஹெல்சிங்கிக்குப் பக்கத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. என்ன வேலை என்று ஊரில் கேட்டால் "உப்பில் மரத்தைக் கரைக்கிறேன்" என்பேன். உப்பளம் சூழ்ந்த எங்கள் சாயல்குடிப் பக்கத்து ஆளிடம் உப்பைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். ஆனாலும் இந்த உப்பு வேறு. நம் உப்பளத்து உப்பு வெயிலில் பூத்துப் பாத்தியில் வெள்ளையாகக் கிடக்கும். உருக வேண்டுமென்றால் உலைக்களச் சூடு வேண்டும். இதுவோ சொட்டுத் தண்ணீர் சேர்க்காமலே விளக்கெண்ணெய் மாதிரி ஓடும், அல்லது லேசாகச் சுட வைத்தால் ஓடும். அயனித் திரவம் என்று பெயர். மரச் சில்லை ஒரு வகை அயனித் திரவத்தில் போட்டுச் சூடு காட்டினால் மரத்தின் கறையும் பிசினும் அதில் இறங்கிவிடும். எஞ்சியதை இன்னொரு வகையில் போட்டால் முழுதாகக் கரைந்துவிடும். அந்தக் கரைசலை ஊசித் துளைகள் கொண்ட தகடு வழியாகத் தண்ணீருக்குள் பீய்ச்சினால், கண் முன்னாலேயே வெள்ளை நூலாகத் திரும்பும். அதுதான் செல்லுலோஸ். தண்ணீரை வற்ற வைத்தால் உப்புத் திரவம் திரும்பக் கைக்கு வரும், அடுத்த மரத்துக்கு ஆகும். இங்கே இதைப் பசுமை வேதியியல் என்கிறார்கள். எனக்கு இது தண்டனை கொடுக்கும் இடம். இப்படி எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை.

குற்றவாளியைச் சொல்லிவிடுகிறேன். முதுகுளத்தூரிலிருந்து தெற்கே போகும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், இரண்டு பக்கமும் கண் போகிற தூரத்துக்குச் சீமைக் கருவேலம். கண்மாய்க்குள் அது, வரத்துக் கால்வாயில் அது, தரிசு போட்ட நிலத்தில் அது. ஆடு காயைத் தின்று புழுக்கை போட்ட இடமெல்லாம் அது. எங்கள் நிலம் இரண்டு குறுக்கம், கிட்டத்தட்ட இரண்டு ஏக்கர், கண்மாய் மடைக்கு நேர் கீழே. அப்பா, எங்கள் வழக்கில் அய்யா, அதில் மிளகாய் போடுவார். மடையோரம் ஒரு கருவேலம் தடித்து நின்றது. மடை திறக்கப் போகிற எவரும் அதன் அடியில்தான் கால் வைக்க வேண்டும். நான் இங்கே வந்த முதல் குளிர்காலத்தில், ஒரு கார்த்திகை மாதம், அதன் முள் அய்யாவின் வலது பாதத்தில் ஏறி உள்ளேயே ஒடிந்தது. அவருக்குச் சர்க்கரை உண்டு. முள் குத்தியதே தெரியவில்லை. தெரிந்தபோது ஊக்கால் கிண்டிப் பார்த்துவிட்டுச் சுண்ணாம்பு வைத்தார். பாதம் கறுத்து, ராமநாதபுரம் போய், மதுரை போய், முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத நான் செல்பேசித் திரையில் பார்த்தேன். போர்வை ஒரு பக்கம் உயரமாகவும் ஒரு பக்கம் தட்டையாகவும் இருந்தது. "ஒண்ணும் இல்லலே, ஒரு செருப்பு மிச்சம்" என்றார். அவர் சிரிக்கச் சிரிக்க எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

கடவுளைத் திட்டலாம், சர்க்கரையைத் திட்டலாம், பக்கத்தில் இல்லாத மகனைத் திட்டலாம். இந்த மூன்றையும் செய்து பார்த்தேன், ஆறவில்லை. மரத்தின் மேல் கோபத்தை வைத்த பிறகுதான் தூக்கம் வந்தது. ஊரில் சிலர் சொல்வார்கள், "கருவேலத்தைக் கரிமூட்டம் போட்டு வித்த காசுலதானடா நீ படிச்ச" என்று. உண்மைதான். அதற்காக நான் அதைக் கும்பிட வேண்டுமா? சோறு போட்ட கை என்பதால் கழுத்தை நெரிக்கவும் விட்டுவிடுவோமா?

எங்கள் குழுவின் தலைவி பைவி. நல்ல மனுஷி, குரலை உயர்த்தியே கேட்டதில்லை. புது வகை மரம் ஒன்றைச் சோதிக்கலாமா என்று நான் கேட்டபோது உடனே சரி என்றார். ஊரில் பெரியப்பா மகன் முருகேசன் அண்ணன் பொக்லைன் வைத்து ஓட்டுகிறார். அவரிடம் கேட்டேன்.

"ஏலே, வெறகையா பிளேன்ல அனுப்பச் சொல்ற? கிறுக்குப் புடிச்சிருச்சா?"

"வெறகு இல்லண்ணே. மடையோரம் நிக்கிற அந்த மரம். வேற மரம் வேண்டாம். அதையே வெட்டி அனுப்புங்க."

அண்ணன், "வெளங்குது" என்றார். பட்டை சீவி, சில்லாக்கி, சூடு காட்டி, பூச்சி இல்லை என்று சான்றிதழ் வாங்கி, மூன்று மாதம் அலைந்து அனுப்பினார். பெட்டியைப் பிரித்தபோது ஊர்க் கரிமூட்டத்தின் வாடை லேசாக அடித்தது. ஒரு சில்லை எடுத்து மறுபடி முகர்ந்தேன். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டேன்.

சும்மா அடங்கவில்லை அது. இந்த ஊர்ப் பிர்ச் சாதுவாகக் கரையும். கருவேலமோ முதல் நாளே திரவத்தைக் கருப்பட்டிக் காப்பி நிறத்துக்கு மாற்றியது. நூல் இழுத்தால் நான்கு விரற்கடையில் அறுந்தது. கறை உப்புத் திரவத்தோடு ஒட்டிக்கொண்டு, திரும்ப எடுத்த திரவமும் பாழாயிற்று. விட்டுவிடலாம் என்று பைவி சொன்னார். நான் விடவில்லை. சனிக்கிழமைகளிலும் வந்தேன். சில்லைக் கழுவினேன், மறுபடி கழுவினேன், வழக்கமாக இரண்டு தடவை கழுவுகிற இடத்தில் ஏழு தடவை கழுவினேன். "இறங்கு, உன் கறை எல்லாம் இறங்கு" என்று தமிழில் திட்டிக்கொண்டே செய்வேன். பக்கத்து மேசைப் பெண் அது எங்கள் ஊர்ப் பிரார்த்தனை என்று நினைத்து, நான் வாய் திறந்தால் பாட்டை அணைத்துவிட்டு அமைதி காப்பாள். போன டிசம்பரில் ஒரு மதியம் நூல் அறாமல் வந்தது. வெள்ளையாக, பளபளவென்று, உருளையில் சுற்றிச் சுற்றி வந்தது. என் அய்யாவின் காலை எடுத்த மரம், முள்ளும் இல்லாமல் நிறமும் இல்லாமல் என் விரலில் கிடந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

அந்தச் சந்தோஷம் இரண்டு நாள்கூட நிலைக்கவில்லை. பைவி கேக் வாங்கி வந்தார். சாப்பாட்டு மேசையில் எல்லோரும் கேள்வி கேட்டார்கள். உவர் மண்ணில் வளருமா? வளரும். மழை இல்லாமல்? வளரும். வெட்டினால் மறுபடி தழைக்குமா? அதுதான் அதன் பிறவிக் குணம். ஒருவர், "அந்த மரம் உங்கள் நாட்டிலும் வந்தேறி என்று படித்தேனே, உன்னைப்போல" என்று கண்ணடித்தார். "நான் விசா வாங்கி வந்தேன்" என்றேன். மேசை கலகலத்தது. அப்புறம் பைவி ஒரு வரைபடத்தை விரித்தார். ராமநாதபுரம் மாவட்டம். கடலோரமாகப் பென்சிலால் கோடு போட்டிருந்தார். "இங்கே தரிசு நிலம் நிறைய இருக்கிறது. அடுத்த கட்டத்தில் இதைப் பயிராக நட்டுப் பார்க்கலாம். பணம் போட ஒரு நிறுவனம் தயார். நீயே பொறுப்பேற்கலாம், உன் ஒப்பந்தமும் மூன்று வருடம் நீளும்" என்றார். நான் கேக் தட்டைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டேன். அதைத் தன்னடக்கம் என்று நினைத்து என் தோளைத் தட்டினார்.

வெளிநாட்டில் இருந்துகொண்டு இதை வாசிக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒப்பந்தம் நீண்டால்தான் வசிக்கும் உரிமை. என்னுடையது மே மாதத்தோடு முடிகிறது. என் எதிரியைக் கரைத்துக் காட்டிய கெட்டிக்காரத்தனத்தாலேயே அதற்கு விலை வந்துவிட்டது. விலை வந்த மரத்தை யார் வெட்டுவார்கள்?

அன்று மாலை அய்யாவிடம் பேசினேன். நான் சொல்வதற்கு முன்னால் அவரே ஆரம்பித்தார்.

"ஒம் பொழப்பு கருவ மரத்துலதான் ஓடுதுன்னு முருகேசன் சொன்னான்லே. நம்ம ரெண்டு குறுக்கத்துல பொக்லைன் விட வேணாம்னுட்டேன். நிக்கட்டும். ஒனக்கு ஆகும்ல. மடையோரம் வெட்டுனதுகூட தூர்ல தளுத்து ஆள் ஒசரம் வந்துருச்சு. ஆடு கடிச்சிறப்பிடாதுன்னு சுத்தி முள்ளு வச்சிருக்கேன்."

ஒற்றைக் காலோடு, ஊன்றுகோலோடு, அந்த மரத்துக்கே போய் வேலி கட்டியிருக்கிறார். எனக்காக. அழுகையா ஆத்திரமா என்று பிரிக்க முடியாமல், திட்டம் முழுவதையும் சொன்னேன். நடப்போகிறார்கள் என்றேன். நான் விடமாட்டேன், வேலை போனாலும் போகட்டும் என்றேன்.

"எதிராளிக்குச் சகுனத்தட ஆகணும்னு தம் மூக்க அறுத்துக்கிட்டவன் மாதிரியால்ல பேசுற?"

"மூக்கு என்னுதுதானேய்யா."

"காலு என்னுதுலே" என்றார் அய்யா.

அறிக்கை எழுத ஒரு மாதம் இருந்தது. பொய் எழுத ஒரு நிமிடம் போதும்; நூல் வரவில்லை என்று எழுதினால் முடிந்தது. அப்படி ஜெயித்தால் மரம் அல்லவா என்னைக் கெடுத்ததாக ஆகும்? அதனால் எதையும் மறைக்காமல் எழுதினேன். பளபளக்கிற நூலை மட்டும் முன்னால் வைத்து, பின்னால் நடந்ததைச் சுருக்கிவிடுவதுதான் எங்கள் தொழிலில் வழக்கம். நான் ஏழு கழுவலையும் எழுதினேன். எவ்வளவு தண்ணீர் போனது என்று எழுதினேன். தண்ணீரே இல்லாத ஊரில் அந்தத் தண்ணீரை யார் தருவார்கள் என்று கேட்டேன். பாழான உப்புத் திரவத்தைக் குடுவையோடு படம் எடுத்து வைத்தேன். கடைசிப் பக்கத்தில், நிற்பதை வேரோடு எடுத்துப் பயன்படுத்தலாம், ஒரு விதையும் புதிதாக ஊன்றக் கூடாது, ஊன்றினால் இந்த அறிக்கையில் என் பெயர் இருக்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

பைவி படித்துவிட்டு அறைக்குக் கூப்பிட்டார். "எல்லாமே உண்மை. ஆனால் இதைப் பார்த்தால் அந்த நிறுவனம் வராது. உனக்கு என்ன ஆகும் என்று தெரியுமா?"

"தெரியும்."

"ஒரு மரத்தின் மேல் இவ்வளவு கோபமா?"

ஒற்றைக் காலோடு நிற்கும் அய்யாவின் படத்தைக் காட்டினேன். பைவி செல்பேசியை வாங்கிப் பார்த்தார். "இவர் மரம் வெட்டுகிறவரா?" என்று கேட்டார். இல்லை, தண்ணீர் பாய்ச்சப் போனவர் என்றேன். நிறுவனம் வரவில்லை. அடுத்த கட்டத்தில் மரத்துக்குப் பதில் வைக்கோல் என்றாயிற்று; பொறுப்பு வேறொருவரிடம் போயிற்று, என் ஒப்பந்தம் நீளவில்லை.

அந்த மரம் இனி எனக்கு ஆகாது என்று அய்யாவிடம் சொல்லியிருந்தேன்; போன சனிக்கிழமை நண்பகலில் ஊரிலிருந்து அழைப்பு வந்தது. ஊரில் வெயில் சாயும் நேரம். அம்மா செல்பேசியைப் பிடித்திருந்தாள், படம் ஆடியது. மடையோரம் முருகேசன் அண்ணனின் பொக்லைன் நின்றது. அய்யா ஊன்றுகோலால் அது தோண்ட வேண்டிய இடத்தைத் தட்டித் தட்டிக் காட்டினார். "தூரோட, தூரோட" என்று அவர் கத்துவது கேட்டது. இரும்புக் கை இறங்கியது, மண் பிளந்தது. ஆள் உயரக் கருவேலம் அடிக்கட்டையோடும் ஆணிவேரோடும் மேலே வந்து பொத்தென்று விழுந்தது. இங்கே நான் அறை நடுவில் நின்று இரண்டு காலாலும் தரையை மிதித்துக் கூவினேன். கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தார். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

அய்யா அந்த அடிமரத்தின் மேலேயே உட்கார்ந்தார். வேட்டியை ஒதுக்கி, எஞ்சிய காலை அதன் மேல் தூக்கி வைத்துக்கொண்டார். செல்பேசியை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்தார். நெற்றியெல்லாம் மண்.

"பிடுங்கியாச்சுலே. மனசு ஆறுச்சா? சரி, மே மாசத்துக்கப்புறம் நீ எங்கன இருக்கப்போற, அதச் சொல்லு."

அம்மா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். இருவரும் காத்திருந்தார்கள். அங்கே போனால் உப்பில் நூல் நூற்கத் தெரிந்தவனுக்கு என்ன வேலை? இங்கே இருந்தால் எந்தக் காகிதத்தின் பேரில்? திரையில் அவர்களுக்குப் பின்னால் நிலம் தெரிந்தது.

"மேக்கால வரப்புல இன்னொண்ணு நிக்கிதுய்யா" என்றேன். "அதையும் எடுக்கச் சொல்லுங்க."