போத்தலில் வவுனியா போன மீன்குஞ்சுகள்

என் பேத்தி சுகந்தி பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிக்கிறாள். ஐந்தாம் வகுப்போடு நின்ற என் வீட்டிலிருந்து! 1982 ஆவணி விடுமுறையில் நெடுங்கேணிக்கு வந்தவள், எங்கள் குளத்துக் கோடுபோட்ட சின்ன மீன்களைப் பிடித்து, குசினிச் சட்டியில் முட்டையிட வைத்தாள். முட்டை பொரித்து வெளிவந்த குஞ்சுகளை வவுனியாப் பள்ளிக்கூடம் ஒன்றின் நுணுக்குக்காட்டியில் பார்க்கவேண்டுமாம். குமர்ப்பிள்ளையைத் தனியே விடமுடியுமா? நானும் புறப்பட்டேன்.

அவளுடைய தாய், என் மூத்த மகள், சலரோகத்தில், அந்தச் சீனி வருத்தத்தில், போனவள். ஒரே சட்டிச் சோறு தின்று வளர்ந்த இளையவளுக்கோ ஒரு குறையுமில்லை. மூத்தவள் வாயைக் கட்டவில்லை என்று செத்தவீட்டிலேயே கதைத்தார்கள். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளின் உடம்பு சாப்பாட்டை ஒரேமாதிரிச் செலவழிக்குமா? சுகந்தி இதை மீனிடம் கேட்கிறாள். குஞ்சின் உடம்பு கண்ணாடி போல, உள்ளே இருப்பதெல்லாம் தெரியுமாம்.

காலை ஆறரை பஸ். குஞ்சுகள் சுகந்தியின் மடியில், தண்ணீர்ப் போத்தலில். இருபத்தெட்டு மைல், ஆளுக்கு ஐந்து ரூபாய்.

"மீனுக்கும் ரிக்கற் கிழிக்கவோ ஆச்சி?" என்றார் கொண்டக்டர்.

முல்லைத்தீவிலிருந்து புடவை மூட்டையோடு வந்த முஸ்லிம் அம்மா ஒருவர் பக்கத்தில் இருந்தா. "இதுகளுக்குத் தின்னக் குடுத்தியா புள்ள?"

"ஒண்டும் குடுக்கக்கூடாது அம்மா."

"நோன்பு மாசமும் இல்லையே!"

பஸ்ஸே சிரித்தது. சுகந்தி கண்ணயர்ந்தாள், நானும்தான். எங்கள் பக்கத்தில் பசித்த வாயைப் பார்த்துக்கொண்டு யாரும் தின்னமாட்டார்கள். அந்த அம்மாவும் தன் பாண் ரொட்டியைப் பிய்த்துப் போத்தலுக்குள் போட்டுவிட்டா.

"ஐயோ அம்மம்மா, தண்ணி பழுதாப்போச்சு!" சுகந்தி கத்தினாள். அந்தக் குஞ்சுகள் இன்னும் வாயால் தின்பதில்லை. தாய் வைத்துவிட்ட மஞ்சட்கருதான் வயிற்றுப் பையில் இருக்கும் உணவு. புளியங்குளம் வருவதற்குள் தண்ணீர் பால்போலக் கலங்கி, குஞ்சுகள் அடியில் சாய்ந்துவிட்டன. மறுநாள் அவள் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிப் போகவேண்டும். இவை செத்தால் எல்லாம் வீண்.

"அண்ணை, நிப்பாட்டுங்கோ!" என்று சாரதியைக் கூப்பிட்டாள்.

"மீனுக்கு வருத்தமெண்டு பஸ் நிப்பாட்டினவன் நான் ஒருத்தன்தான்," என்று முணுமுணுத்தாலும், சாரதி ஒரு குளத்தடியில் நிறுத்தினார். அந்த அம்மா மூட்டையை அவிழ்த்து, புது வொயில் சேலையின் மெல்லிய துணியில் ஒரு துண்டு கிழித்து, முழங்கால் தண்ணீரில் இறங்கினா. "நான் செஞ்சத நான்தானே பாக்கணும்." துணியில் வடித்து, புதுத் தண்ணீரில் விட்டோம். பாதி பிழைத்தது.

பள்ளிக்கூடத்தில் சுகந்தி என்னைக் கதிரையில் இருத்தினாள். நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தேன். வெட்டவில்லை, கீறவில்லை. உயிருள்ள உடம்புக்குள் இதயம் துடிக்கிறது, இரத்தம் ஓடுகிறது! பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குஞ்சுகள். ஒன்றின் பை வற்றி, உடம்பு வளர்ந்திருந்தது. மற்றதன் பை அப்படியே நிறைந்திருக்க, உடம்பு நூலாகக் கிடந்தது.

"ரெண்டும் ஒரு தாயின்ரை, ஒரே நாள் பொரிச்சது. இதுக்குத் தாய் குடுத்ததை எடுக்க ஏலேல்லைப் போலை."

"அப்ப உன்ரை அம்மாவும்…"

"அவசரப்படாதேங்கோ அம்மம்மா. இது மீன். இன்னும் எத்தினையோ பாக்கவேணும்."

மீன்குஞ்சு கொண்டுபோகிறவர்கள் போத்தல் வாயை மெல்லிய துணியால் கட்டுங்கள். அதே குளத்துத் தண்ணீர் இன்னொரு போத்தலில் இருக்கட்டும். வெயில் படாத பக்கம் இருங்கள். திரும்பிவரக் கடைசி பஸ் ஐந்து மணிக்கு.

அதற்கு நேரமாகிறதென்று சுகந்தி கூப்பிட்டுக்கொண்டே நின்றாள். அந்த மெலிந்த குஞ்சின் இதயம் நான் பார்க்காத நேரத்தில் நின்றுவிடுமோ என்ற பயத்தில், கண்ணை எடுக்க என்னால் முடியவில்லை.