உமக்குச் சொன்னால் சொன்னதில்லை

போன மாத முதல் வெள்ளிக்கிழமை, ஆராதனையின் நடுவில், என் பேத்தி முழங்கையால் என் விலாவில் ஒரு இடி இடித்தாள். செல்லமான இடி அல்ல, மாட்டைத் தள்ளிவிடுகிற இடி. "அம்மம்மா, மெல்ல! கோயில் முழுக்கக் கேக்குது" என்று காதுக்குள் சொன்னாளாம். காதுக்குள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை, பிறகு அவளே சொல்லித்தான் தெரியும். இடி மட்டும் நன்றாக விளங்கியது. வீட்டுக்கு வந்து தைலம் பூசவேண்டியதாயிற்று. பூசும்போது எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புத்தான் வந்தது. அந்த இடி எனக்குரியதே அல்ல. என் மாமாவுக்கு, அதாவது என் புருசனுடைய தகப்பனுக்கு, என் முழங்கையால் எப்போதோ போய்ச் சேர்ந்திருக்க வேண்டியது. சுற்றி அலைந்து கடைசியில் என்னிடமே வந்திருக்கிறது. எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல, இடித்தவளே இருந்து எழுதுகிறாள். என் பேச்சைப் புத்தகத் தமிழாக்கிக்கொள், ஆட்கள் கதைத்ததை மட்டும் கதைத்தபடியே விடு என்று சொல்லியிருக்கிறேன்.

மாமாவால் நான் பட்ட பாடு கொஞ்சமா? வெள்ளைக்காரன் திருகோணமலைத் துறைமுகத்தை வைத்திருந்த காலத்தில் அவருக்குக் கப்பல் பழுதுபார்க்கிற டொக்யாட்டில் வேலை. கப்பலின் கொதிகலனுக்குள் ஆளை இறக்கி, உள்ளே பிடித்திருக்கிற துருவைச் சுத்தியலால் தட்டச் சொல்வார்கள். இரும்புக் குடத்துக்குள் இருந்துகொண்டு இரும்பைத் தட்டினால் காது என்னவாகும்? நான் கலியாணம் முடித்து அந்த வீட்டுக்குப் போனபோது அவர் வேலையை விட்டுவிட்டார், காது அவரை விட்டுவிட்டது. மாமி நான் போகுமுன்பே செத்து மோசம்போய்விட்டா. வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். அவரோடு கை பாஷைதான். சோறு என்றால் வாய்க்கு நேரே கை, மழை என்றால் விரல்களை உதறுவது, பங்குக் குருவான சுவாமி வருகிறார் என்றால் நெற்றியில் சிலுவை. இதெல்லாம் ஒரு பாடாக எனக்குத் தெரியவில்லை. காது கேட்காத மனிதரோடு குடித்தனம் பண்ணலாம். அந்த மனிதரோடு ஆராதனைக்குப் போக ஏலாது, அதுதான் என் கரைச்சல்.

ஆராதனை என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பூசை வேறு, இது வேறு. பூசையில் பாட்டு இருக்கும், பிரசங்கம் இருக்கும், எழும்பு, இரு, முழந்தாளிடு என்று ஏதாவது வேலை இருந்துகொண்டே இருக்கும். ஆராதனையில் ஒன்றும் இல்லை. அப்பத்தின் உருவில் இருக்கிற ஆண்டவரை, சுற்றிவரப் பொற்கதிர் வைத்த கதிர்ப்பாத்திரத்தில் பீடத்தின் மேல் வைத்துவிடுவார்கள். தூபம் போடுவார்கள். பிறகு ஒரு மணித்தியாலம் அவர் முன்னால் இருக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் வெள்ளிக்கிழமைகளில் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு மணித்தியாலம் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். எங்கள் தெருவுக்குப் பின்னேரம் கிடைத்தது. வெயில் தகரத்தில் ஏறி, கோயில் பாண் சுடுகிற போறணையாகக் கிடக்கிற நேரம். யார் பிரித்தாரோ, அவருக்கு எங்கள் தெருவில் என்ன கோபமோ!

அந்த ஒரு மணித்தியாலத்தில் ஒவ்வொருவரும் என்ன செய்வார்கள் என்று நான் நன்றாகப் பார்த்து வைத்திருக்கிறேன். வேறு வேலை இல்லையே. அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கரின் பெண்சாதி செபப் புத்தகத்தைத் திறந்து, ஒரு பக்கம் முடிந்ததும் எல்லோருக்கும் கேட்கட்டும் என்று சரக்கென்று புரட்டுவா. மருத்துவிச்சி முக்காட்டை முகம் மூட இழுத்துவிட்டு, குவித்த கை குவித்தபடி நித்திரை கொள்வா. இரவிரவாகப் பிள்ளைப்பேறு பார்க்கிற மனுசி, ஆண்டவரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். கன்னியர் மடத்துச் சிஸ்டர்மார் மெழுகுதிரி போல் அசையாமல் முழந்தாளில் நிற்பார்கள், அவர்களுக்கு அது கல்லால் செய்ததோ என்று நினைப்பேன். அடுத்த வீட்டு மச்சாள் செபமாலை உருட்டுவா. மச்சாள் என்று முறைக்குச் சொல்கிறேன், சொந்தம் இல்லை. அவவின் வாய் மரியாயை வாழ்த்தும், கண் யார் என்ன சீலை உடுத்து வந்திருக்கிறார்கள் என்று எண்ணும். எனக்கோ வாசிக்கத் தெரியாது. மனப்பாடமான செபங்கள் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். பிறகு கதிர்ப்பாத்திரத்தின் கதிர்களை எண்ணத் தொடங்குவேன், பாதியில் வீட்டில் கூடையால் மூடி வைத்த மீன் நினைவுக்கு வரும், பிறகு பூனை நினைவுக்கு வரும், எண்ணிக்கை போய்விடும். பராக்கு என்று பாவசங்கீர்த்தனத்தில் சொல்வேன். "முயற்சி செய் பிள்ளை" என்பார் சுவாமி. எதை முயற்சி செய்வது என்று சொல்லமாட்டார்.

அந்த மௌனத்துக்குள்தான் மாமாவின் குரல் எழும்பும். "இஞ்ச பாரும்" என்று தொடங்குவார். ஆண்டவரைப் பார்த்துத்தான். செபப் புத்தகத்திலும் ஆண்டவரை நீர் என்றுதானே கூப்பிடுகிறோம், உம்மை, உமக்கு என்று. அது வானத்தைப் பார்த்துச் சொல்கிற நீர். மாமாவின் நீர் அது அல்ல. எங்கள் பக்கத்தில் ஒன்றாக வேலை செய்கிறவர்கள் ஒருவரை ஒருவர் நீர் என்பார்கள், "நீர் அந்தப் பக்கம் பிடியும், நான் இந்தப் பக்கம் தூக்கிறன்" என்று. மாமா ஆண்டவரோடு அந்த நீர்தான் வைத்திருந்தார். தன்னோடு கொதிகலனுக்குள் இறங்கிய கூட்டாளியோடு கதைப்பதுபோல், அதே சத்தத்தில். "இஞ்ச பாரும், கூரை ஒழுகுது. மழைக்கு முந்தி ஒரு வழி பண்ணும். கேட்டீரே? மருமோள் நல்ல பிள்ளை. குழம்புக்குப் புளி விடேக்க மட்டும் அவளின்ர கையைக் கொஞ்சம் பிடியும்."

நான் எங்கே போய் முகத்தை வைப்பேன்? அந்தக் காலத்தில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நடுவில் வழி. என் முழங்கை நடுவழியைத் தாண்டி அவருடைய விலாவுக்கு எட்டாது. எட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை. முக்காட்டுக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன். பெண்கள் பக்கமெல்லாம் முதுகுகள் குலுங்கும். அடுத்தநாள் கிணற்றடியில் மச்சாள் வாளியை வைத்துவிட்டுக் கேட்பா, "என்னடியப்பா, நேத்துப் புளி கூடிப்போச்சாமே? ஆண்டவர் என்ன சொன்னவர்?" நான் புருசனிடம் போய் நிற்பேன். "இஞ்சாருங்கோ, உங்கட அப்புவிட்டச் சொல்லுங்கோவன். ஊர் சிரிக்குது." அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அந்தாள் ஆண்டவரோட கதைக்குது, நான் நடுவில என்னெண்டு போறது?" என்பார். சுவாமி ஒருநாள் மாமாவை மேசையடிக்குக் கூப்பிட்டு, உதட்டில் விரலை வைத்துக் காட்டி, ஆராதனை என்றால் மௌனம் என்று கையால் விளக்கினார். மாமா மரியாதையாகக் கேட்டுவிட்டு, கோயில் அதிரச் சொன்னார்: "ஓம் சுவாமி. அதாலதான் நான் மனசுக்குள்ள மட்டும் கதைக்கிறனான்."

இப்படியே காலம் போய்க்கொண்டிருந்தது. பிறகு வெள்ளைக்காரன் துறைமுகத்தைக் கையளித்துவிட்டுப் போகிற பேச்சு வந்தது, போயும்விட்டான். என் புருசனும் டொக்யாட்டில்தான் வேலை, எஞ்சின் பூட்டுகிற இடத்தில். ஆட்களைக் குறைக்கிறார்களாம் என்று சந்தையில் கதைப்பார்கள். நான் கேட்டால், "எனக்கு ஒண்டுமில்லை, நீ யோசியாத" என்பார். நான் அப்போது முதல் பிள்ளைக்கு வயிற்றோடு இருந்தேன், கால் வீங்கி, மூச்சு முட்டி. காலையில் எழும்பிச் சோறு கட்டிக் கொடுப்பேன். அவர் வழமைபோல வெளிக்கிட்டுப் போவார், வழமைபோல வெற்றுப் பெட்டியோடு வருவார். கையில் மட்டும் எண்ணெய்க் கறை இல்லாமல் இருந்தது. இப்போது வடிவாகக் கழுவுகிறார் போல என்று நான் சந்தோசப்பட்டேன். அவ்வளவு மடைச்சி.

அந்த மாத முதல் வெள்ளி. புருசன் வேலைக்குப் போய்விட்டார் என்று நான் நினைத்திருந்த பின்னேரம். மாமாவும் நானும் கோயிலுக்குப் போனோம். தூபம் போட்டு, பாட்டு முடிந்து, மௌனமாயிற்று. நான் கதிர்களை எண்ணத் தொடங்கினேன். ஆண்கள் பக்கத்திலிருந்து வந்தது: "இஞ்ச பாரும்." சரி, இன்றைக்கும் புளிதான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். புளி இல்லை. "பெடியனை வேலையால நிப்பாட்டிப் போட்டாங்கள். அவன் காலமை சோத்துப் பெட்டியோட வெளிக்கிட்டு, கடற்கரையில போய்க் குந்தியிருந்திட்டுப் பின்னேரம் வாறான். வயித்துப் பிள்ளைக்காரி, கேட்டால் துடிச்சுப் போவாள் எண்டு அவளுக்கு மறைக்கிறான். நான் கண்டிட்டன். ஆருக்கும் சொல்லக்கூடாதெண்டு என்ர தலையில கை வைச்சுச் சத்தியம் வாங்கிப் போட்டான். அதால ஆருக்கும் சொல்லேல்ல. உமக்குச் சொன்னால் சொன்னதில்லைத்தானே? ஏதும் வழி பாரும். கெதியாப் பாரும்."

கிளாக்கரின் பெண்சாதி புத்தகத்தைப் புரட்டவில்லை. மருத்துவிச்சி முழித்துவிட்டா. மச்சாளின் கையில் செபமாலை நின்றது. எல்லா முக்காடும் என் பக்கம் திரும்பின. எனக்குக் கண்ணீர் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. புருசன் மீது, மாமா மீது, என்னை விட்டுவிட்டு ஊருக்கெல்லாம் தெரிந்துபோனது மீது. அந்த ஆத்திரத்தோடு நிமிர்ந்து கதிர்ப்பாத்திரத்தைப் பார்த்தேன். ஆண்டவர் வெள்ளை வெளேரென்று, ஒன்றும் நடக்காததுபோல் இருந்தார். என் வாயில் வந்துவிட்டது: "நீரும் தெரிஞ்சுகொண்டோ இருந்தனீர்?"

சத்தமாக வந்துவிட்டது. மாமாவின் குடும்பத்தில் இன்னொன்று என்று மச்சாள் நினைத்திருப்பா. ஆனால் அதுவரை ஆராதனையில் நான் சொன்ன எல்லாம் யாரோ கட்டி வைத்த சொற்கள். என் சொந்த வாயால் அவரோடு கதைத்தது அன்றைக்குத்தான், அதுவும் சண்டையாக. அதற்குப் பிறகு நான் கதிர் எண்ணவில்லை. மீனும் பூனையும் எந்தப் பக்கம் போயின என்றே தெரியாது. "இனி என்ன செய்யப் போறீர், சொல்லும்" என்று மனதுக்குள் அவரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தேன். ஆசீர்வாத மணி அடித்தபோது, அதற்குள் முடிந்துவிட்டதா என்று இருந்தது.

கோயிலால் இறங்கி நேரே கடற்கரைக்கு நடந்தேன். வள்ளங்களை இழுத்து வைத்திருக்கிற இடத்தில், ஒரு வள்ளத்து நிழலில் புருசன் குந்தியிருந்தார். பெட்டி பக்கத்தில். என்னைக் கண்டதும் எழும்பவும் ஏலாமல் இருக்கவும் ஏலாமல் தவித்தார். எவ்வளவோ பேச வேண்டும் என்று வந்தவள், அந்த முகத்தைக் கண்டதும், "இண்டைக்குப் புளி கூடவோ?" என்றுதான் கேட்டேன்.

"ஆர் சொன்னது?" என்றார்.

"ஆண்டவர்."

"அப்புவோ?"

"அப்பு சத்தியத்தை மீறேல்ல. அந்தாளை ஏசாதேங்கோ."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார், பிறகு அழுதார், பிறகு இரண்டும். நான் அந்த வயிற்றோடு மணலில் இருக்கவும் முடியாமல் வள்ளத்தில் சாய்ந்துகொண்டு நின்றேன். வீட்டுக்கு வரும்போது சோற்றுப் பெட்டியை நான் தூக்கிக்கொண்டு வந்தேன். ஒளிக்க ஒன்றும் இல்லாமல் போனதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்தது. எங்கள் கோயிலில் சொன்னது கோயிலோடு நிற்குமா? மச்சாள் மீன் சந்தையில் சொல்ல, அது கிண்ணியாவில் லோஞ்ச், அதாவது எஞ்சின் படகு, வைத்திருந்த முதலாளி ஒருவரின் காதுக்குப் போயிற்று. எஞ்சின் தெரிந்த பெடியன் சும்மா இருக்கிறானாம் என்று ஆள் அனுப்பினார். உடனே இல்லை, பிள்ளை பிறந்து தவழத் தொடங்கிய பிறகு. அதுவரை கஞ்சியும் மச்சாளின் மீனும். வேலை கிடைத்த பிறகு வந்த முதல் வெள்ளியில் மாமா, "கொஞ்சம் சுணங்கிப் போனீர், பரவாயில்லை" என்றார்.

எனக்கோ கோபம் ஆறவில்லை. என்னிடம் வந்து கையைக் காட்டியிருந்தால் விளங்கியிருக்காதா? ஊரைக் கூட்டித்தான் சொல்ல வேண்டுமா? பல காலம் கழித்து ஒருநாள், அவர் சாய்ந்துகொண்டு கிடக்கிற நாற்காலிக்கு முன்னால் போய் நின்று, அன்றைக்குச் சத்தமாகச் சொன்னது உங்களுக்குத் தெரியுமோ என்று கையாலும் வாயாலும் கேட்டேன். அவ்வளவு காலமும் என் கையை வடிவாக வாசித்த மனிதர், அன்றைக்கு மட்டும் காதைக் கையால் அணைத்துக்கொண்டு, "என்ன பிள்ளை? கேக்கேல்ல" என்றார். கேட்டதற்கு மறுமொழி கிடைக்காமலே அவரைச் சேமக்காலையில் அடக்கம் பண்ணினோம்.

இப்போது அந்தக் காது எனக்கு வந்திருக்கிறது. மிசின் ஒன்று வாங்கித் தந்தார்கள், அதைப் போட்டால் சிலோன் முழுவதும் சட்டி பானை உருட்டுவதுபோல் இருக்கிறது, அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். காது போன பிறகுதான் எனக்கு ஒன்று விளங்கியது. சத்தமாகக் கதைக்கிறோமா மெல்லக் கதைக்கிறோமா என்பதை அறியக் காது தேவையில்லை. சத்தம் போட்டால் தொண்டை அரிக்கும், நெஞ்சுக்கூடு அதிரும். கல்லுச் செவிடருக்கும் தெரியும். மாமாவுக்குத் தெரிந்திருக்கிறது! புளியிலிருந்து எல்லாம் தெரிந்துதான் சொல்லியிருக்கிறார், அந்தக் கள்ள மனுசன்.

சரி, இடிக்கு வருகிறேன். எழுதுகிறவள் முறைக்கிறாள், பரவாயில்லை, எழுதட்டும். இவளுக்குக் கனடாவிலிருந்து ஒரு சம்பந்தம் பேசியிருந்தார்கள். இவளுக்கு அதில் கொஞ்சமும் விருப்பமில்லை. தாய்க்குச் சொல்லப் பயம். என்னிடம் மட்டும் அழுது, ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினாள். நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. போன முதல் வெள்ளி ஆராதனையில், ஒரு பக்கம் இவள், மறு பக்கம் இவளுடைய தாய், நடுவில் நான். இப்போது ஆண் பக்கம் பெண் பக்கம் எல்லாம் இல்லை, முழங்கை எங்கும் எட்டும். நான் கதிர்ப்பாத்திரத்தைப் பார்த்து, "இஞ்ச பாரும்" என்று தொடங்கினேன். முடிப்பதற்குள் இடி விழுந்தது. ஆனால் மறு பக்கத்தில், அன்றைக்கு என் வயிற்றுக்குள் இருந்தபடியே எல்லாம் கேட்ட என் மகளின் கையில் செபமாலை நின்றுவிட்டிருந்தது. அன்றிரவு அவள் கனடாவுக்குப் போன் எடுத்து, அவசரமில்லை, பிள்ளையோடு கதைத்துவிட்டுச் சொல்கிறேன் என்றாளாம். தைலம் பூசிவிட்ட பேத்தி என் முகத்துக்கு நேரே வந்து, வாயை வடிவாகத் திறந்து கேட்டாள்: "அம்மம்மா, உண்மையைச் சொல்லுங்கோ. சத்தமாச் சொன்னது உங்களுக்குத் தெரியும், என்ன?"

நான் காதைக் கையால் அணைத்துக்கொண்டேன்.

"என்ன பிள்ளை? கேக்கேல்ல."