நான் அழித்த நாற்பது வரிகள்

எனக்குக் கேள்வி கேட்கத் தெரியாது என்பது நாற்பத்தெட்டு வயதில்தான் தெரியவந்தது. அதைத் தெரியப்படுத்தியவரின் முகம்கூட எனக்குத் தெரியாது. அவர் ஒரேயொரு சொல்லை எழுதிவிட்டுப் போனார். அந்த ஒரு சொல்லுக்கே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

பகலில் நான் இங்கே, பிரெஞ்சு பேசும் புவாண்ட்-கிளேரில், ஒரு களஞ்சியத்தின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். எந்தப் பெட்டி எந்த லொறியில் ஏறியது என்று கணினியில் பதிவதுதான் வேலை. அந்தத் தகுதி ஒன்றை வைத்து, எங்கள் தமிழ்க் கத்தோலிக்கப் பங்கில் ஞாயிறு பூசையை இணையத்தில் நேரலையாக அனுப்பும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். நோய்க்காலத்தில் கோவில் பூட்டியிருந்தபோது தொடங்கியது. திறந்த பிறகு நிறுத்தலாம் என்றால், மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்து பார்க்கிறவர்கள் விடவில்லை. ஒரு கமரா, கோவிலின் ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஒரு வயர், பங்கின் பழைய மடிக்கணினி, அதில் இலவசமாக இறக்கிய ஒரு மென்பொருள். உலகத்தின் எந்தெந்த மூலையிலோ இருப்பவர்கள் சம்பளமில்லாமல் சேர்ந்து எழுதி, யாரும் எடுத்துப் பாவிக்கலாம், திருத்தலாம் என்று திறந்து விட்டிருக்கிற மென்பொருள் அது. எழுதியது யார் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது என்பதோடு என் அக்கறை முடிந்தது.

அந்த நவம்பரில் சத்தம் பழுதாகத் தொடங்கியது. பூசை தொடங்கி அரை மணித்தியாலம் நன்றாகப் போகும். பிறகு பூசை வைக்கும் சுவாமியின் வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். கொஞ்சம் கழித்து குரல் அடியோடு நின்றுவிடும். உடனே என் கைபேசிக்கு மன்னாரிலிருந்து செய்திகள் வரும். மென்பொருளை மூடித் திறந்தால் மறுபடி சரிவரும். மூன்று ஞாயிறு அப்படியே மூடித் திறந்து சமாளித்தேன்.

மூன்றாம் ஞாயிறுக்கு முதல்நாள் எங்கள் பங்கில் ஒருவர் இறந்துபோனார். துறைமுகத்திலிருந்து பெட்டிகள் ஏற்றும் லொறியின் சாரதி, என்னைவிட இரண்டு வயது இளையவர், நெஞ்சுவலி. அவருடைய தாய் மன்னாரில் இருக்கிறார். விசா எடுத்து வந்துசேர நாள் போதாது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அடக்கப் பூசை என்று முடிவானது. திங்கட்கிழமை நான் வீட்டுக்குப் போனபோது அவருடைய மனைவி என்னைச் சமையலறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள்.

"அக்கா, மாமிக்கு இப்ப கண் தெரியிறேல்லை. படம் எப்பிடிப் போனாலும் பரவாயில்லை. சத்தம் மட்டும் நிக்கக் கூடாது. மூடித் திறக்கிற வேலை வேண்டாம் அக்கா. அந்த நேரத்திலை என்ன போகுமெண்டு ஆருக்குத் தெரியும்?"

நான் ஓமென்று தலையாட்டிவிட்டு வந்தேன். வந்த பிறகுதான் அதை எப்படிச் செய்வதென்று யோசித்தேன்.

எங்களுக்கு ஓர் அலுவல் என்றால் முதலில் அதில் தெரிந்த ஆளைத் தேடுவோம். தெரியாதவரிடம் நேரே போய்க் கேட்பது எங்கள் பழக்கத்தில் இல்லை. அன்று பின்னேரம் முழுக்க அதற்கே போனது. தொறொன்ரோவில் கணினி படித்த ஒன்றுவிட்ட தம்பி, தனக்கு இந்தத் துறை வேறு என்றான். அவன் சொன்ன ஒருவர், பேந்து தொலைபேசி எடுக்கிறேன் என்றார். எடுக்கவேயில்லை. செவ்வாய்க்கிழமை வேறு வழியில்லாமல் அந்த மென்பொருளின் கேள்வி மன்றத்தில் ஒரு கணக்குத் திறந்தேன். அதைச் செய்கிறவர்களும் நன்றாகப் பாவிக்கத் தெரிந்தவர்களும் வந்து பதில் எழுதும் இடம் அது.

யாழ்ப்பாணத்து ஆட்கள் ஒரு வீட்டுக்கு உதவி கேட்டுப் போனால் எப்படிக் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான். தேத்தண்ணி குடிப்போம். பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கதைப்போம். பனி இந்த முறை வேளைக்கு வந்துவிட்டது என்போம். எல்லாம் முடிந்து வாசலில் சப்பாத்துப் போடும்போதுதான், "அது சரி, ஒரு சின்ன விசயம்" என்று வந்த காரியம் வெளியே வரும். என் கேள்வியையும் நான் ஆங்கிலத்தில் அப்படியே எழுதினேன். மதிப்புக்குரிய ஐயா, அம்மா அனைவருக்கும் வணக்கம். நீங்கள் செய்யும் சேவை பெரியது. நான் படித்தவள் அல்ல, பிழை இருந்தால் மன்னிக்க வேண்டும். எங்கள் சிறிய ஆலயத்தில் சனிக்கிழமை ஒரு சிறு நிகழ்வு இருக்கிறது. நேரம் இருக்கும்போது ஒரு சந்தேகம் கேட்கலாமா? கடைசி வரியில்தான், சத்தம் சிலவேளை சரியாக வருவதில்லை என்று போட்டேன். செத்தவீடு என்று எழுதவில்லை. முன்பின் தெரியாதவர்களிடம் ஒரு குடும்பத்தின் துக்கத்தைக் கொண்டுபோய் வைப்பது எனக்கு அழகாகப் படவில்லை.

மறுநாள் வேலைக்குப் போகும் பேருந்தில் பார்த்தேன். ஒரு பதில் வந்திருந்தது. எழுதியவருக்குப் பெயர் இல்லை, பூனைப்படம் ஒன்று இருந்தது. எழுதியிருந்தது ஒரே ஒரு சொல்.

"லொக்?"

வணக்கத்துக்கு வணக்கம் இல்லை. இத்தனை மரியாதையாக எழுதிய கடிதத்துக்கு இதுவா பதில் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீங்கள் வளர்ந்த இடத்தில் வணக்கம் சொல்லும் பழக்கம் இல்லையா என்று விரல் எழுதியும் விட்டது. நல்லகாலம், இறங்க வேண்டிய இடம் வந்ததால் அனுப்பவில்லை.

வீட்டில் கணவரிடம் காட்டிப் புலம்பினேன். அவர் என் கடிதத்தை முழுக்க வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதிலை நீ என்ன கேக்கிறாய் எண்டு எனக்கே விளங்கேல்லை. அந்த மனுசனுக்கு என்ன விசரே, இருந்து ஆராய? கேட்டதைக் குடுத்துப் பாரன்."

லொக் என்பது அந்த மென்பொருள் ஓடும்போது தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் குறிப்பு. இத்தனை மணிக்குத் தொடங்கினேன், இந்தக் கமராவைக் கண்டேன், இது கிடைக்கவில்லை என்று வரிவரியாக எழுதிவைக்கும். பங்கின் மடிக்கணினி கிழமை நாட்களில் என் வீட்டில்தான் இருக்கும்; அதில் ஞாயிற்றுக்கிழமைக் குறிப்பைத் தேடித் திறந்தேன். திறந்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது. நடுவில் "எச்சரிக்கை", "எச்சரிக்கை" என்று தொடங்கும் வரிகள், ஒன்றின் கீழ் ஒன்றாக நாற்பது இருக்கும். எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, எனக்கு விளங்காத எண்களோடு. இவ்வளவு காலம் இந்தக் கணினியை இப்படியா வைத்திருந்தாய் என்று அந்தப் பூனைக்காரர் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

ஆகவே நான் சுத்தம் செய்தேன். ஆட்கள் வரப்போகிறார்கள் என்றால் கதிரையில் கிடக்கும் உடுப்புகளை அள்ளி அறைக்குள் போட்டுக் கதவைச் சாத்துகிறோமே, அதேபோலத்தான். ஒரு பிரதி எடுத்து, அதில் முதலில் பங்கின் பெயரை நீக்கினேன், அது நியாயம். பிறகு அந்த நாற்பது வரிகளையும் தெரிவுசெய்து ஒரே அழுத்தில் அழித்தேன். மேலும் கீழும் சேர்த்துப் பார்த்தேன். பார்க்க லட்சணமாக இருந்தது. அனுப்பினேன். அதில் பிழை செய்கிறேன் என்ற எண்ணம் எனக்குத் துளியும் வரவில்லை. ஒழுங்காகக் கொடுத்தேன் என்ற திருப்தியோடு போய்ப் படுத்தேன்.

வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரம் பதிலைப் பார்த்தேன். இம்முறை கொஞ்சம் நீளம்.

"இந்த லொக்கில் ஒரு பிழையும் இல்லை. இவ்வளவு சுத்தமான லொக்கை நான் பார்த்ததில்லை. நேரங்கள் நடுவில் பதினொரு நிமிடம் தாவுகின்றன. எதையாவது எடுத்தீர்களா?"

சாப்பாட்டுப் பெட்டியை மூடினேன். கையும் களவுமாகப் பிடிபட்டதுபோல் காது சுட்டது. அவர் மேல் வந்த கோபம் ஒரு நிமிடம்தான் நின்றது. பிறகு என்மேல் வந்தது, அது நின்று எரிந்தது. சனிக்கிழமைக்கு இடையில் ஒரேயொரு நாள் இருந்தது. கண் தெரியாத ஒரு தாய் மன்னாரில் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கப்போகிறார், நான் இங்கே மானம் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். இரண்டு நாளை வீணாக்கியது என் வீம்பு என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

கைபேசியிலேயே எழுதினேன். வணக்கம் இல்லை, மன்னிப்பு இல்லை. "ஓம், நாற்பது வரிகளை அழித்தேன், வெட்கத்தில். முழு லொக் மாலையில் அனுப்புகிறேன். சனிக்கிழமை காலை ஒருவரின் அடக்கப் பூசை. அவருடைய தாய் இலங்கையில் இருந்து கேட்கப்போகிறார். அவருக்குப் பார்வை இல்லை. முப்பது நிமிடத்துக்குப் பிறகு சத்தம் நின்றுவிடுகிறது. நிற்கக் கூடாது." நான் என் வாழ்நாளில் எழுதியவற்றில் மிக நேரான கடிதம் அதுவாகத்தான் இருக்கும்.

வீட்டுக்குப் போனவுடன் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் முழு லொக்கை அனுப்பினேன். சோறு அடுப்பில் இருக்கும்போதே பதில் வந்துவிட்டது.

"நீங்கள் அழித்த வரிகளில்தான் விடை இருக்கிறது. நாற்பது வரியும் ஒரே கருவியைத்தான் சொல்கின்றன. 'மற்றது' என்று நீங்கள் பெயர் வைத்த ஒன்று. அது என்ன?"

எனக்கு உடனே விளங்கவில்லை. பிறகு நினைவு வந்தது. உயிர்த்த ஞாயிறன்று பாடகர் குழுவையும் காட்டுவோம் என்று என் பழைய கைபேசியொன்றைத் தூணில் கட்டி, இரண்டாவது கமராவாகக் கம்பியில்லாமல் இணைத்திருந்தேன். அதற்குப் பிறகு அந்தப் படத்தை நாங்கள் பாவிக்கவேயில்லை. ஆனால் கைபேசி தூணிலேயே இருந்தது. மின்சாரமும் கொடுத்தபடி.

அவர் விளக்கினார். பழைய கைபேசி மாதக்கணக்கில் ஓடி மந்தமாகி, இப்போது அதன் சத்தம் பிந்தி வருகிறது. மென்பொருள் எல்லாச் சத்தத்தையும் ஒன்றாகச் சேர்த்துத்தான் அனுப்பும். அதனால் பிந்தியதற்காக மற்ற எல்லாவற்றையும் பிடித்து வைத்துக் காத்திருக்கிறது. கைபேசி இன்னும் பிந்தப் பிந்த, இது இன்னும் காத்திருக்கிறது. ஓர் அளவுக்கு மேல் தாங்காமல் விட்டுவிடுகிறது. எங்கள் கலியாணவீடுகளில் நடப்பதுதான், ஒரு மாமா வரவில்லையென்று தாலிகட்டு நிற்பதுபோல்.

"மற்றதை மென்பொருளிலிருந்தும் எடுங்கள், தூணிலிருந்தும் எடுங்கள். நாளைக்கு இரண்டு மணித்தியாலம் ஓட்டிப் பாருங்கள். லொக்கைத் தொடாமல் அனுப்புங்கள்." அதற்குக் கீழே, கொஞ்சம் இடம் விட்டு, "அந்தக் குடும்பத்துக்கு என் அனுதாபம். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். நான் வேறு மாதிரிக் கேட்டிருப்பேன்."

அதை வாசித்தபோது எனக்கு அழுகை வந்தது. இரண்டு நாளாக நான் அந்த மனிதரை மனதுக்குள் என்னென்னவோ சொல்லித் திட்டியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கணவர் ஏணி பிடிக்க, கைபேசியைத் தூணிலிருந்து இறக்கினேன். வெறுங்கோவிலில் வானொலி ஒன்றை ஒலிவாங்கிக்கு முன்னால் வைத்து இரண்டு மணித்தியாலம் ஓடவிட்டோம். பிரெஞ்சுச் செய்தியும் ஹொக்கி விளையாட்டும் தடங்கலில்லாமல் ஓடின. லொக்கை அப்படியே அனுப்பினேன். "நன்று. காலையில் நான் இருப்பேன்" என்று எழுதினார்.

சனிக்கிழமை பத்து மணிக்கு, அங்கே இரவு எட்டரை, பூசை தொடங்கியது. கோவில் நிறைந்திருந்தது. துறைமுகத்து ஆட்கள் வேலை உடுப்போடு பின்னால் நின்றார்கள். நான் கணினியின் முன்னால் இருந்தேன். சத்தம் போகும்போது திரையில் ஒரு பச்சைக் கோடு ஏறி இறங்கும். ஒன்றே கால் மணித்தியாலமும் என் கண் அதைவிட்டு அசையவில்லை. சுவாமி என்ன பிரசங்கம் வைத்தார், யார் வாசித்தார்கள், யார் அழுதார்கள் என்று கேட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது. நான் அன்று கும்பிட்டதும் அந்தக் கோட்டைத்தான். அரை மணித்தியாலம் தாண்டியது, முக்கால் தாண்டியது, கோடு நிற்கவில்லை. சவப்பெட்டியைத் தூக்கும்போதுகூட ஓடிக்கொண்டிருந்தது.

பின்னேரம் மன்றத்தில் நன்றி எழுதினேன். பிரச்சினைதான் தீர்ந்துவிட்டதே, இந்தக் கேள்வி முழுவதையும் அழித்துவிடட்டுமா, பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று கேட்டேன். வேண்டாம், இதே பழுதோடு இன்னொருவர் தேடி வருவார், அவருக்கு இது வேண்டும் என்றார். சுத்தம் செய்த லொக்கையாவது எடுக்கட்டுமா என்று கேட்டேன். அதையும் விடுங்கள், அதுதான் மிகப் பிரயோசனமானது என்று எழுதியிருந்தார். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது, ஆனால் விட்டுவிட்டேன்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து நாலைந்து நாளில், இறந்தவரின் மனைவி என் வேலையிடத்துக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அக்கா, மாமி ஒரு விசயம் கேக்கிறா. பூசையிலை எங்கட மூத்த மகள் பைபிளிலையிருந்து முதலாம் வாசகம் வாசிச்சவள் எல்லோ, பிரெஞ்சிலை. அதை மட்டும் வெட்டி அனுப்பேலுமோ எண்டு கேக்கிறா."

"மாமிக்குப் பிரெஞ்சு விளங்காதே?"

"ஒரு சொல்லும் விளங்காது. ஆனாலும் வேணுமாம்."

வீட்டுக்குப் போய் அந்தப் பதிவைத் திறந்து, வாசகம் வரும் இடத்தைத் தேடிப் பிடித்துக் காதில் மாட்டினேன். பதினான்கு வயதுப் பிள்ளை. கனத்த குரல், சொல்லின் கடைசியை இழுத்து விடும் விதம், நடுவில் ஒருதரம் தொண்டையைச் செருமியது எல்லாம் தகப்பன். எத்தனையோ முறை கோவில் வாசலில் அவர் யாருடனாவது பிரெஞ்சில் கதைத்து நான் கேட்டிருக்கிறேன். பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததில் அன்று இதைத் தவறவிட்டிருந்தேன். மூன்று நிமிடம் இருந்தது. அந்த இடத்தை மட்டும் வெட்டி மன்னாருக்கு அனுப்பினேன்.

மறுநாள் அந்தத் தாயிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. யாரோ கைபேசியைப் பிடித்துக் கொடுத்திருக்க வேண்டும், முதலில் கொஞ்சம் இரைச்சல்.

"மகள், அவன் அங்கை பிரெஞ்சு கதைக்கிறவனாம் எண்டு சொல்லுவினம். நான் ஒருநாளும் கேட்டதில்லை. இப்பக் கேட்டிட்டன்."